வடிவம்மாளுக்குச் சாலை அரிசி

வடிவம்மாள் செத்துப்போனாள் என்று கேட்டதும் இசக்கிக்கு முதலில் வந்தது கோபம்தான். அழுகை வரும்போது வரட்டும், அதற்கென்ன இப்போ அவசரம் என்று ஒதுக்கி வைத்துவிட்டாள்.

அனந்தபுரியில் சாலை என்கிற கடைத்தெருவில் ஆந்திரா லாரி ஒன்று அப்போதுதான் அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டு நகர்ந்திருந்தது. இசக்கி வாரியலும் சுளகுமாகக் கீழே குந்தி, மூட்டையிலிருந்து சிந்தின அரிசியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மூட்டை தூக்குகிற சுமட்டுத் தொழிலாளி ஷிபு நீலச் சட்டையும் தலையில் துண்டுமாக வந்து நின்றான். கையிலிருந்த மலையாளப் பத்திரிகையை விரித்து, சாவுச் செய்திப் பக்கத்தை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"இசக்கியக்கா, இது நம்மட வடிவம்மாக்கா அல்லே?"

அவளேதான். காதில் தங்கக் கம்மல், நெற்றியில் அகலமாகத் திருநீறு. தோளில் ஒரு பட்டுப்புடவை. அந்தப் புடவையை வடிவம்மாள் தன் ஆயுசில் உடுத்தினதில்லை. ஸ்டூடியோக்காரன் கம்ப்யூட்டரில் உடுத்திவிட்டிருந்தான்.

"என்ன போட்டிருக்கு? வாசி."

ஷிபு எழுத்துக்கூட்டாமல் மளமளவென்று வாசித்துவிட்டு, தமிழில் சொன்னான். "பாப்பனங்கோட்டுல வீடு. அரிசி வியாபாரி தாணுமாலையனோட பொண்டாட்டி வடிவம்மாள் காலமாயி. மகன் செல்வமணி, ஹார்டுவேர்ஸ் ஓனர். இன்னைக்கு உச்சைக்குப் பொறவு தைக்காட்டுல தகனம்."

"என்ன வியாபாரி?"

"அரிசி வியாபாரி. இங்ஙன அச்சடிச்சிருக்கு."

தாணுமாலையன் அரிசி வியாபாரியாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் இட்லிக்கு மாவாட்ட வந்த ஆள் அவன். அந்த மனுஷன் செய்த ஒரே வியாபாரம் சாராயக் கடையில், அதுவும் வாங்குகிற பக்கத்தில். கொச்சிக்கு வேலைக்குப் போகிறேன் என்று வயிற்றுப் பிள்ளைக்காரியை விட்டுவிட்டுப் போனவன், செத்த சேதியாகத்தான் திரும்பி வந்தான். அரிசியை அவன் சோறாகப் பார்த்ததோடு சரி. அந்தச் சோற்றையும் வடிவம்மாள்தான் போட்டாள்.

"வியாபாரியாம், வியாபாரி," என்று இசக்கி சுளகைத் தரையில் வைத்தாள். வைத்தாள் என்ன, அடித்தாள். "அப்ப அவ யாரு? இத்தனை வருஷம் இந்தத் தெருவுல குனிஞ்சு கிடந்தவ யாரு?"

ஷிபு பத்திரிகையை மடித்துக்கொண்டான். அவன் அப்பன் காலத்திலிருந்து வடிவம்மாளை அறிந்த குடும்பம். அவனுக்குத் தெரியும், இசக்கிக்குத் தெரியும், சாலையில் நடக்கிற நாய்க்கும் தெரியும்.

வெளியூர்க்காரர்களுக்கு வேண்டுமானால் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது. சாலையில் மொத்த அரிசிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்கள் இரும்புக் கொக்கியைச் சாக்கில் மாட்டித்தான் இழுப்பார்கள். கொக்கி பட்ட இடத்தில் ஓட்டை விழும், அரிசி சிந்தும். அப்படிச் சிந்தினதைக் கூட்டி, புடைத்து, கல் பொறுக்கி, சில்லறையாக விற்றுப் பிழைக்கிற பெண்கள் அந்தத் தெருவில் எப்போதும் உண்டு. எல்லாரும் கிழக்கே வள்ளியூர், நாங்குநேரிப் பக்கம் இருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு கடை வாசல். அந்த வாசலில் சிந்துவதை அவள்தான் தொடலாம், வேறொருத்தி வாரியலை வைத்தால் மயிர்ப்பிடிச் சண்டைதான்.

அந்த ஏற்பாடு தானாக வந்ததில்லை. வடிவம்மாள் வாங்கிக் கொடுத்தது. முன்பெல்லாம் கடைக்காரர்கள் நினைத்தால் கூட்ட விடுவார்கள், நினைக்காவிட்டால் தண்ணீரை வீசி விரட்டுவார்கள். ஒரு ஓணத்துக்கு முந்தின வாரம் ஒரு கடைக் கணக்குப்பிள்ளை, இந்தப் பெண்கள்தான் சாக்கைக் கம்பியால் குத்தி ஓட்டை போடுகிறார்கள் என்று சொல்லி, சேலையை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்றான். நடுத்தெருவில், ஆம்பிளைகள் பார்க்க. வடிவம்மாள் நேரே போய் ஷிபுவின் அப்பன் கையிலிருந்த கொக்கியைப் பிடுங்கினாள். கணக்குப்பிள்ளையின் மேசைக்கு எதிரே இருந்த முழு மூட்டையில் அதைப் போட்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். அரிசி அவன் காலடியில் கொட்டியது.

"பாரும்வே நல்லா. கொக்கி போடுறது உம்ம ஆளு. ஓட்டை போடுறது உம்ம கொக்கி. சாக்குல இருக்குற வரைக்கும் உம்ம அரிசி, நான் திரும்பிப் பாத்தா என் கண்ணு அவிஞ்சு போகட்டும். தரையில விழுந்தா எங்க அரிசி. இதுல எவளாவது சீலைய உதறணும்னா முதல்ல உம்ம வீட்டுக்காரிய வந்து உதறச் சொல்லும்."

அப்படியே உட்கார்ந்து அந்த அரிசியைக் கூட்டவும் தொடங்கிவிட்டாள். சுமட்டுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள், யூனியன்காரர்கள் அவள் பக்கம் பேசினார்கள், கணக்குப்பிள்ளை உள்ளே போய்விட்டான். அதன் பிறகு வாசலுக்கு ஒருத்தி என்று ஆனது, சாலையில் ஒரு பெண்ணையும் ஒருவனும் சேலையை உதறச் சொன்னதில்லை.

இதைக் கேட்டுவிட்டு அவளைத் தெய்வமாக்கிவிட வேண்டாம். வடிவம்மாள் தங்கமான பொம்பிளை ஒன்றும் இல்லை. அவள் வாயைத் திறந்தால் போலீஸ்காரனே காதைப் பொத்துவான். ஓட்டல்காரனுக்கு விற்கிற அரிசியில் கல் பொறுக்கினேன் என்று சத்தியம் செய்வாள், பாதிதான் பொறுக்கியிருப்பாள். இசக்கி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவள் வாசலைத் தனதாக்கிக்கொண்டாள். திரும்பி வந்து கேட்டதற்கு, "பிள்ளை பெத்தவ வீட்டுல கிடக்கணும்" என்றாள். சண்டை போட்டு வாசலைத் திரும்ப வாங்கின பிறகும் இரண்டு பேரும் அடுத்தடுத்த வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் பேசாமல் கூட்டினார்கள். அவளை நினைத்தால் இசக்கிக்கு இன்றைக்கும் அந்த வாசல்தான் முதலில் நினைவுக்கு வரும்.

அடுத்தபடியாக நினைவுக்கு வருவது மங்கலம்.

மங்கலம் ஒண்டிக்கட்டை. குடோனுக்குப் பின்னால் தகரம் சாய்த்துக் குடியிருந்தாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்தில், காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தூக்கிப் போக கார்ப்பரேஷன் வண்டி வரவேண்டும். வண்டி வரும் முன்னால் வாயில் போட ஒரு பிடி அரிசி வேண்டாமா? ஊர் உலகத்தில் எந்தப் பிணமும் வாய்க்கரிசி இல்லாமல் போவதில்லை. அவள் வாழ்நாளெல்லாம் கூட்டின கடையிலேயே போய்க் கேட்டார்கள். "செத்தவளுக்கு எந்த அரிசியானா என்ன, கீழே கிடக்குறத அள்ளிட்டுப் போ," என்றான் கடையில் நின்ற ஆள். இசக்கியும், கூடக் கூட்டுகிற தாசம்மாளும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார்கள்.

வடிவம்மாள் கேட்டுவிட்டு எழுந்தாள். "அள்ளிட்டுத்தான் போறோம்" என்றாள். சுளகை எடுத்துக்கொண்டு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒவ்வொரு கூட்டுகிறவளிடமும் போனாள். அன்றைக்குக் கூட்டினதில் ஒரு பிடி. மட்டை அரிசி, சம்பா, ஜெயா, குருணை எல்லாம் சுளகில் கலந்து கிடந்தது. மழையில் நனைந்துகொண்டே வந்து மங்கலத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"நீ ஒருத்தன் வாசல்லயும் கையேந்தி வாங்காத அரிசிட்டி இது. குனிஞ்சு பெறக்குனது. தின்னுட்டுப் போ."

அன்றிலிருந்து அது சாலையில் கூட்டுகிறவர்களின் வழக்கம் ஆனது. யார் செத்தாலும் எல்லாரும் அன்றைக்குக் கூட்டினதில் ஒரு பிடி கொண்டு வருவார்கள். பிள்ளை குட்டி இருந்தாலும் சரி, பொன்னி அரிசி வாங்கிப் போட வசதி இருந்தாலும் சரி, இந்த அரிசி வாயில் படாமல் போகக்கூடாது. பேச்சுவார்த்தை இல்லாதவள் செத்தால்கூட வடிவம்மாள் போய்ப் போட்டுவிட்டு, செத்தவளைத் திட்டிவிட்டு வருவாள்.

இப்படிப்பட்டவளைத்தான் அரிசி வியாபாரி பொண்டாட்டியாக்கிப் பட்டுப்புடவை உடுத்திவிட்டிருந்தார்கள்.

"தாசம்மா," என்று இசக்கி கூப்பிட்டாள். "எல்லாவளுகிட்டயும் சொல்லு. ஒரு பிடி எடுக்கச் சொல்லு. நீயும் நானும் கொண்டு போறோம்."

தாசம்மாள் தயங்கினாள். "செல்வமணி உள்ள விடுவானாக்கா? பெரிய வீடு. போன தடவை நீ போய்ட்டு வந்தது மறந்துட்டா?"

மறக்குமா? அதுதானே நெஞ்சில் கிடந்து அரிக்கிறது.

செல்வமணி கெட்டவனில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆணிக்கடையில் எடுபிடியாக நின்று, தொழில் படித்து, சொந்தமாக ஹார்டுவேர் கடை போட்டான். பாப்பனங்கோட்டில் மாடி வீடு கட்டினான். சாலைத் தமிழர் சமாஜத்தில் செயலாளர் ஆனான். அந்த வருஷம்தான், தொண்ணூற்றெட்டோ என்னவோ, அம்மாவை வந்து கூட்டிப்போனான். இனி சாலைக்கு வரக்கூடாது என்று வாரியலைப் பிடுங்கி ஓடையில் எறிந்தான். வடிவம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனை பேரோடு சண்டை போட்டவள், மகனிடம் மட்டும் வாயை மூடிக்கொண்டு ஆட்டோவில் ஏறிப்போனாள்.

கொஞ்சநாள் பொறுத்து இசக்கி அவளைப் பார்க்கப் போனாள். முறுக்கு வாங்கிக்கொண்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு. வடிவம்மாள் மாடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சமாஜத்து ஆட்கள் இரண்டு பேர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். "இவங்க யாரு?" என்று அதில் ஒரு அம்மாள் கேட்டாள். செல்வமணி வாயைத் திறக்கும் முன்னால் வடிவம்மாளே சொன்னாள், இசக்கியின் முகத்தைப் பார்க்காமல்.

"முன்ன நம்ம வீட்டுல வேலைக்கு நின்னவ."

வேலைக்கு நின்றவள். அவளுக்கு வீடு எங்கே இருந்தது, வேலைக்கு ஆள் வைக்க? அப்போது குடியிருந்த காலனியில் இரண்டு பேருக்கும் ஒரே சுவர். செல்வமணிக்கு அம்மை போட்டபோது வேப்பிலை கொண்டு விசிறினவள் இசக்கி. அவனுக்கு இவள் சித்தி. இசக்கி முறுக்குப் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. வடிவம்மாளின் கால் வீங்கியது, கண் மங்கியது, படுத்த படுக்கையானாள் என்று சேதி மட்டும் வந்துகொண்டிருந்தது. "கிடக்கட்டும்" என்றுதான் சொன்னாள்.

"நான் அவளப் பாக்கப் போகல," என்றாள் இப்போது தாசம்மாளிடம். "அரிசி போடப் போறேன். அவ போட்ட வழக்கம். அதை அவளுக்கே செய்யாம விட்டா நாளைக்கு எனக்கு எவ வருவா? உனக்கு எவ வருவா? எல்லாவளையும் வியாபாரி பொண்டாட்டியாக்கி எரிச்சுட்டுப் போயிருவானுவ."

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து இசக்கி மடியில் அரிசியைப் பரப்பி, வெளிச்சத்தில் பார்த்துக் கல் பொறுக்கினாள். வடிவம்மாளுக்குக் கடைவாயில் இரண்டு பல் கிடந்தது, அதில் கல் நெறுநெறுக்கக் கூடாது. கோபம் ஒரு பக்கம், கல் பொறுக்குவது ஒரு பக்கம். கரமனை பாலம் தாண்டும்போது, செத்தவளுக்குப் பல் எதற்கு என்று தோன்றியது. இருந்தாலும் பொறுக்கினாள்.

வீட்டு வாசலில் கறுப்புக் கொடி. முற்றத்தில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள். சமாஜத்து ஆட்கள் வெள்ளை வேட்டியில் அங்கங்கே நின்றார்கள். செல்வமணி அவர்களைக் கேட்டிலேயே பார்த்துவிட்டான். கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறான், அதில் பொய் இல்லை.

"வாங்க சித்தி," என்றான் தாழ்ந்த குரலில். அவன் பார்வை அவள் மடிக்குப் போனது. மடி கனத்திருப்பதைக் கண்டதுமே புரிந்துகொண்டான். "அது வேண்டாம் சித்தி."

"எது?"

"அரிசி. எல்லாம் நல்ல அரிசியா வாங்கி வச்சிருக்கு. நீங்க சும்மா வந்து பாத்துட்டுப் போங்க."

"நல்ல அரிசியா? அப்ப நீ தின்னு வளந்தது என்ன அரிசிலே?"

அவன் சுற்றிலும் பார்த்தான். "மெதுவா பேசுங்க. சுசீந்திரத்துல இருந்து ஆள் வந்திருக்காங்க. என் மகளைப் பெண் கேட்டவங்க. அந்தா, அந்தக் கண்ணாடி போட்டவர்தான் மாப்பிள்ளைக்கு அப்பா. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பெரிய எடம் சித்தி. எம் பிள்ளை வாழ்க்கையை நினைச்சுப் பாருங்க. இன்னைக்கு ஒரு நாள்."

"உம் மவ வாழ்க்கைக்கும் உங்கம்மா வாய்க்கும் என்னலே சம்பந்தம்?"

"எல்லாம் சம்பந்தம்தான்," என்றான். "உங்களுக்குப் புரியாது. இப்ப அரிசியை வெளிய காட்டுனீங்கன்னா நான் பொறுத்துக்கமாட்டேன் கேட்டோ. சித்தின்னும் பாக்கமாட்டேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி, வந்தவர்களைக் கும்பிடப் போய்விட்டான். தாசம்மாள் இசக்கியின் முழங்கையைப் பிடித்தாள். "வா, போயிருவோம். எளவு வீட்டுல எதுக்கு வழக்கு?" இசக்கி கையை உதறினாள்.

உள்ளே கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வடிவம்மாள் கிடந்தாள். சின்னதாகிப் போயிருந்தாள். பட்டுப்புடவை இப்போது நிஜமாகவே இருந்தது. தாடையைக் கட்டியிருந்தார்கள். சண்டை போடுகிறபோது முன்னால் நீளுகிற அந்தத் தாடை கட்டுக்குள் அடங்கிக் கிடந்தது.

சமாஜத் தலைவர் பஞ்சாபகேசன் வந்து பெட்டியின் தலைமாட்டில் நின்றார். கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் குடியிருக்கும், சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற நல்ல மனிதர். யார் செத்தாலும் சமாஜத்தின் சார்பில் இரண்டு வார்த்தை பேசுவது அவர் பொறுப்பு. தொண்டையைச் செருமினார்.

"அன்னை வடிவம்மாள் நெல்லைச் சீமையில் பாரம்பரியமான நெல் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். அரிசி வணிகர் தாணுமாலையன் அவர்களைக் கைப்பிடித்து அனந்தபுரிக்கு வந்து, கணவரின் தொழிலுக்குத் துணை நின்று, அவர் மறைவுக்குப் பின் வீட்டை விட்டு வெளியே வராமல் ஒரே மகனை ஆளாக்கினார். சாந்த சொரூபி. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசியறியாதவர்."

தாசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இசக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டை விட்டு வெளியே வராதவளாம். மழையிலும் வெயிலிலும் லாரிச் சக்கரத்துக்கு அடியில் கையை விட்டு அரிசி வழித்தவள். ஒரு தடவை டிரைவர் பார்க்காமல் வண்டியை எடுத்து, இடது கைச் சுண்டுவிரல் நசுங்கி, அதோடு மறுநாள் வந்து கூட்டினவள். அந்த விரல் இப்போதும் கோணலாகத்தானே கிடக்கிறது. கண்ணாடிக்கு மேலே குனிந்து பார்த்தால் தெரியாதா? ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லாரும் தலையை ஆட்டினார்கள். கண்ணாடி போட்டவரும் ஆட்டினார்.

பஞ்சாபகேசன் என்ன செய்வார், பாவம். மகன் சொன்னதைச் சொல்கிறார். செத்தவளை இரண்டாம் தடவை சாகடிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவன் பக்கத்தில் கைகட்டி நின்றான். அவனைப் பார்த்தால்தான் இசக்கிக்குக் கை பரபரத்தது. அவனைவிட, பெட்டிக்குள் கிடந்தவளைப் பார்த்தால். நீயே ஒத்துக்கொண்டதுதானே இதெல்லாம்? மாடியில் நாற்காலி போட்டதும் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு உட்கார்ந்தாயே.

கண்ணாடி மூடியைத் தூக்கினார்கள். செல்வமணியின் மனைவி கௌசல்யா பித்தளைத் தட்டில் அரிசியோடு நின்றாள். பளிச்சென்று ஒரே வெள்ளை, ஒரு குருணை இல்லை. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகத் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் தூவிவிட்டு நகர்ந்தார்கள். இசக்கி வரிசையில் நின்றாள். செல்வமணி எதிர்ப்பக்கத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் முறை வந்தது. கௌசல்யா தட்டை நீட்டினாள். இசக்கி தட்டில் கை வைக்கவில்லை. மடியை அவிழ்த்தாள்.

சிவப்பும் வெள்ளையும் மஞ்சளும் குருணையுமாக அந்த அரிசியை எந்தக் குருடனும் அடையாளம் சொல்வான். அப்படி ஒரு கலவை எந்தக் கடை மூட்டையிலும் கிடையாது, தரையில் மட்டும்தான் கிடைக்கும். அவள் ஒரு பிடியை எடுத்தாள்.

"யக்கா," என்றாள். "என்னை வேலைக்காரின்னு சொன்ன வாய்தான இது? அதுக்குத்தான் கொண்டாந்தேன். உன் சாலை அரிசி. எல்லாவளும் கொடுத்துவிட்டா. முழுங்கு."

வடிவம்மாளின் உதட்டின் மேல் அரிசியை வைத்து அழுத்தினாள். கொஞ்சம் உள்ளே போனது, கொஞ்சம் உதட்டிலும் மோவாயிலும் நின்றது.

"எந்தா சித்தி இது," என்று செல்வமணி பாய்ந்து வந்தான். தமிழும் மலையாளமுமாகக் குழறினான். "சொன்னேன்ல்லா வேண்டாம்னு." குனிந்து, வலது கையால் அம்மாவின் வாயிலிருந்து அந்த அரிசியைத் தட்டினான்.

தட்டினான். ஆனால் ஒரு மணி தரையில் விழவில்லை.

அவன் இடது கை எப்போது போனதோ, அம்மாவின் மோவாய்க்குக் கீழே குவிந்து நின்றது. விரல்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தன. தட்டின அரிசி அத்தனையும் அதில் விழுந்தது. புடவை மடிப்பில் சிக்கின ஒன்றிரண்டையும் அவன் சுட்டுவிரல் தானாகத் தேடி ஒற்றி எடுத்து உள்ளங்கையில் சேர்த்தது. கூட்டின அரிசியில் வளர்ந்த பிள்ளை எவனுக்கும் அப்படித்தான் கை போகும். ஹார்டுவேர் கடை வைத்தாலும் போகும், மாடி வீடு கட்டினாலும் போகும். சிந்தின அரிசியைத் திரும்பச் சிந்த அவர்களுக்குக் கை வராது. அவனுக்கே அது பிறகுதான் தெரிந்தது. உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான்.

"போடுலே," என்றாள் இசக்கி. "கெட்ட அரிசிதான? வெளிய கொண்டு எறி பாப்போம்."

அவன் குவிந்த கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

"தரையில போடு. மிதி. உங்கம்மாதான் வீட்டை விட்டே வராதவளாச்சே. இது எவ பெறக்குனதோ. எறிலே, நான் பாக்கேன்."

அவன் கையிலிருந்து ஒரு மணி விழப்போக, உடனே விரல்களை இறுக்கி மூடிக்கொண்டான். கௌசல்யா தட்டோடு இரண்டடி பின்னால் போனாள். பஞ்சாபகேசன் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அவனையும் இசக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடி போட்டவர் முன்னால் வந்தார். கோபமாக அல்ல, விளங்காமல்தான் கேட்டார்.

"செல்வமணி, இது என்ன அரிசி?"

யாராவது ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். கோயில் அரிசி என்றிருக்கலாம், குலதெய்வத்து வழக்கம் என்றிருக்கலாம். அவன் மூடின கையை மெல்லத் திறந்தான். அரிசியை அம்மாவின் உதட்டுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு மணியாக, சின்னப் பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி உள்ளே தள்ளினான். உள்ளங்கையில் ஒட்டியிருந்த குருணையையும் விடவில்லை.

"எங்கம்மா இந்த அரிசியைத்தான் பெறக்கி எனக்குப் பொங்கிப் போட்டா," என்றான். "சாலையில லாரிக்குக் கீழ கிடந்த அரிசி. அவ கூட்டுறவ. இவங்க எங்க சித்தி. இவங்களும் கூட்டுறவங்க."

சொல்லிவிட்டுப் பெட்டியின் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். தாசம்மாளும் அழுதாள். இன்னும் யாரோ விசும்புகிற சத்தம் கேட்டது. கண்ணாடி போட்டவர் மனதில் என்ன ஓடியது என்று யாருக்கும் தெரியாது. இசக்கிக்கு அதைப்பற்றி அக்கறையும் இல்லை.

மடியில் மீதி இருந்ததையும் அவள் வடிவம்மாளின் வாயில் போட்டு முடித்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. செல்வமணியின் முதுகில் கையை வைத்தாள். தேற்றுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, முகம் தெரிகிற அளவுக்குத் தூக்கினாள்.

"இப்ப சொல்லுதியே, பாவி," என்றாள். "அவளுக்குக் காது கேக்கும்போது சொல்லியிருக்கணும்லே."